முழங்கால் அளவு என்று எழுதினேன்

ஓடைத் தண்ணீரை மணல் தொட்டிகளில் வடிகட்டித் திருத்தணிக்குக் குழாயில் விடப்போவதாக அந்தக் கோடையில் பேச்சு வந்தது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தோடு ஊருக்குள் வாந்திபேதியும் வரும். குளத்துத் தண்ணீரைத்தான் எல்லோரும் குடித்தோம்.

தொட்டி கட்ட இரண்டு இடம் பார்த்தார்கள். ஒன்று ஓடைக்கரைப் புறம்போக்கு. மற்றது அதற்கு மேலே இருந்த மேட்டு நிலம். அதை என் நைனா குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தார். அது போனால் கூலிக்குத்தான் போக வேண்டும். என் படிப்பும் அதோடு நின்றுவிடும்.

ஓவர்சியர் வந்தபோது ஓடை காய்ந்து கிடந்தது. வெள்ளம் எதுவரை ஏறும் என்று ஊராரைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்றார். அதிகம் ஏறாது என்றால் தொட்டி கரையிலேயே, ஏறும் என்றால் மேட்டில். எங்கள் தெருவில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி, எட்டாவது தேறியவள். "நான் அளக்கிறேன், நீ எழுதும்மா" என்று காகிதத்தைக் கொடுத்தார். அத்தனை ஆண்கள் நடுவில் உட்கார்ந்து எழுதுவது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நைனா ஒரு பனைமரத்தடியில் நின்று முழங்காலைத் தொட்டுக் காட்டினார். "இம்மாந்தாங்க. எந்த மழையிலயும் இத்த தாண்டினதில்ல."

"ஆமா, உன்னக் கேட்டுக்கினுதான் வெள்ளம் வருது" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நைனாவின் நிலம் எது என்று அவர்களுக்குத் தெரியும். யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

புல்லுக்கட்டோடு அந்தப் பக்கம் வந்த அம்மா நின்றுவிட்டாள். வெள்ளம் ஏறினால், இதோடு நின்றுவிடு என்று வேண்டிக்கொண்டு, தண்ணீர் தொடுகிற இடத்தில் பெண்கள் மஞ்சள் வைப்பார்கள்.

"இன்னா எழுதற பாப்பா? நீ கைக்கொழந்தையா இருக்கசொல்ல அதோ அந்த மேட்டுக் கல்லுல இல்ல மஞ்ச வெச்சேன்! இங்க ஆள் முழுவிப் போயிருப்பான்."

ஓவர்சியர் திரும்பினார். நைனா என்னைப் பார்த்தார்.

"சும்மா இரும்மா. அளவெல்லாம் உனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

அம்மா புல்லுக்கட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். முழங்கால் அளவு என்று எழுதி, சாட்சியாக என் பெயரையும் போட்டேன். ஓவர்சியர் பனையில் சுண்ணாம்புக் கோடு இழுத்தார்.

ஐப்பசியில் ஓடைக்கரையில் சுவர்கள் தோளளவு எழும்பியிருந்தன. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் சுவர்கள் இல்லை, கொட்டி வைத்த மணலும் இல்லை. பனைமரத்தில் என் தலைக்கு மேலே சேறு அப்பியிருந்தது.

ஓவர்சியர் அந்தக் காகிதத்தோடு வந்தார். கோபப்படவில்லை.

"உன் எழுத்துதானே?"

"ஆங்."

"யார் சொல்லி எழுதினே?"

"எல்லாரும் சொன்னதுதாங்க."

அவரை எங்கேயோ மாற்றிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வேலையும் நின்றுபோனது. நிலம் எங்களிடமே இருந்தது.

அடுத்த ஆடியில் எதிர்வீட்டுப் பெண் வாந்திபேதியில் படுத்தாள். அவளுக்கு என் வயதுதான். அம்மா கஞ்சித் தண்ணீர் எடுத்துப் போனாள். பின்னால் போன என்னை வாசலிலேயே தடுத்தாள். "நீ வராத. ஊட்டுக்குப் போ."

மூன்றாம் நாள் அந்தப் பெண் போய்விட்டாள்.

காரியம் முடிந்தபின் அவளுடைய தாய் ஒரு கார்டோடு என்னிடம் வந்தாள். பட்டணத்தில் வேலை செய்யும் மகனுக்குச் சேதி எழுத வேண்டுமாம். "நீதாம்மா நல்லா எழுதுவ" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். தங்கைக்குக் குளத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னாள். அதையும் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.