பேட்டரியைக் கழற்றுகிறவள்

"உங்களுக்கு ரொம்ப வேண்டியது ஏதாவது ஒண்ண இதுல எழுதுங்க" என்று பேனாவை நீட்டுகிறாள். வந்தவர் சிரித்துக்கொண்டே மகளின் பெயரை எழுதுகிறார். பிளாஸ்டிக் முனை நகர நகர, அவருடைய கோணல் கையெழுத்து அப்படியே சின்னத் திரையில் விழுகிறது. "அட!" என்கிறார். அந்த வியப்பு அடங்குவதற்குள் அவள் கருவியைக் கவிழ்த்து, கட்டைவிரல் நகத்தால் பின்மூடியை நெம்பி, பேட்டரிகளை உள்ளங்கையில் கொட்டிக்கொள்கிறாள்.

"இருங்க. அவசரமில்ல."

மூடிய கை கண்ணாடி மேசைமேல் அசையாமல் கிடக்கிறது. பிறகு பேட்டரிகளைத் திரும்பப் போட்டால், அப்போதுதான் பிறந்ததுபோல் வெள்ளையாக விழிக்கிறது திரை.

"எங்க உங்க பொண்ணு? தேடுங்க பாப்போம். பேட்டரி தீந்து மேசைக்குள்ள கெடந்தா இதான் கதி. உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்க!"

டிஜிட்டல் டைரி விற்கும் மூலையில் இவள்தான் எல்லாம். கடைக்காரர்கள் வைத்த பெயர் பேட்டரி அக்கா. நீல மேலங்கி, முழங்கை வரை சுருட்டிய கைகள், மூடிகளை நெம்பி நெம்பி உடைந்துபோன நகம். கல்லா இழுப்பறையை அவள் அறைந்து மூடினால் பக்கத்துக் கடையில் திரும்பிப் பார்ப்பார்கள். 'எது நல்லது?' என்று நான் கேட்டபோது, "யாருக்கு?" என்று எரிந்து விழுந்தாள்.

இருப்பது இரண்டு ரகம். பேனா ரகத்தில் நம் கையெழுத்திலேயே எழுதலாம். பேட்டரி செத்தால் எழுதியதும் சாகும். கீபோர்டு ரகத்தில் உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி காவல் இருக்கிறது, எதுவும் அழியாது. ஆனால் அதற்கு ஆங்கில எழுத்தைத் தவிர எதுவும் தெரியாது. பின்னறையில் பேனா ரகப் பெட்டிகள் கூரையைத் தொடுகின்றன. "ரெண்டும் ஒண்ணுதான் சார், பேனாதான் ஸ்டைல்" என்று எல்லார் தலையிலும் அதைக் கட்டுகிறார் முதலாளி.

அவளிடமும் அதையேதான் சொன்னார். அவளும் நம்பி அண்ணனுக்கு வாங்கிப் போனாள்.

அண்ணன் காய்கறிச் சந்தையில் ஏலம் போட்டவர். அவர் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை. ஆஸ்பத்திரியில் தொண்டையில் கத்தி வைத்தார்கள், குரல் போயிற்று. பேனா ரகம் வந்ததும் மனிதர் மறுபடி பிறந்தார். எடையில் ஏமாற்றுகிறவனுக்கு ஒரு பக்கம், சொந்தக்காரர்களைக் கிண்டலடிக்க ஒரு பக்கம், தங்கையிடம் சண்டை போட நாலைந்து பக்கம் என்று எழுதிச் சேர்த்துவைத்தார். வேண்டிய நேரத்தில் தட்டி எடுத்து நீட்டுவார். "வாய் இருந்தப்பகூட இவ்வளவு பேசல, பாவி மனுஷன்" என்கிறாள்.

மறுபடியும் ஆஸ்பத்திரி. கருவி அலமாரியிலேயே கிடந்துவிட்டது. பிழைத்து வந்து பேட்டரி மாற்றினார். வெள்ளைத் திரை. அவர் அழவில்லை. அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து தலையசைப்பு மட்டும். தாளும் பேனாவும் வைத்தாள், தொடவில்லை. கீபோர்டு ரகம் வாங்கி வைத்தாள்; பெட்டிகூடப் பிரிக்கவில்லை. "எங்கண்ணனுக்கு இங்கிலீஷ்ல திட்ட வராதுங்க. திட்டாம அவரால பேசவும் முடியாது."

நான் போனது மழை நாள். வாசலில் குடையோடு ஒருவர் நின்றிருந்தார். தங்கையை அழைத்துப் போக வருகிற அண்ணன். கடைக்குள் மட்டும் கால் வைப்பதில்லை என்று அங்கே சாமான் எடுத்துக்கொடுக்கும் பெண் சொன்னாள். உள்ளே, மகளின் பெயரைத் தொலைத்த அந்த மனிதர் பணப்பையைத் திரும்பச் சட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நான் சம்பளம் குடுக்கறது விக்கறதுக்கா, வெரட்டறதுக்கா?"

"விக்கறதுக்குத்தான் சார். ஏமாத்தறதுக்குத் தனியா ஆள் போட்டுக்குங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். முதலாளியின் முகம் கறுத்தது.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம்! வீட்டுல ஒரு ஊமைய வெச்சுக்கிட்டு, அந்த ஆத்திரத்த என் கடையில வந்து கொட்டறியா?"

எனக்கே கை துறுதுறுத்தது. அவளோ சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. குடையை மடக்காமல்கூட உள்ளே வந்தார் அண்ணன். தரையெல்லாம் தண்ணீர். மேசைமேல் கிடந்த கருவியையும் பேனாவையும் எடுத்தார். திரை கிழிந்துவிடுமோ என்று பயப்படும்படி அழுத்தி எழுதி, முதலாளியின் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

'எனக்கு வாய்தான் போச்சு. காது நல்லாக் கேக்குது.'

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அண்ணன் பேனாவை வைக்கவில்லை. அடுத்த பக்கம் எழுதித் தங்கை பக்கம் திருப்பினார்.

'நீயும் கத்தாத. பசிக்குது.'

"இத்தன நாளா ஒரு எழுத்து எழுதாம என்னைக் கொன்னியே! இப்ப பசிக்குதா உனக்கு?" என்று கத்தினாள். குரல் பாதியில் உடைந்தது.

பணப்பையை வைத்துக்கொண்ட மனிதர் தொண்டையைச் செருமினார். "எனக்கு அந்த அழியாத ரகத்தையே குடுங்க. இந்தம்மா கையால வாங்கறதா இருந்தாதான் வாங்குவேன்." முதலாளி ரசீதுப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். நாளைக்கு வராதே என்பதை மறுபடி சொல்ல அவருக்கு வாய் எழவில்லை.

அதற்குள் புதிதாக வந்த ஒருவர் மேசையில் சாய்ந்தார். "பேட்டரியக் கழட்டிக் காட்டுவீங்களாமே, எங்க, காட்டுங்க!"

அண்ணன் எழுதிய அதே கருவியை அவள் கையில் எடுத்தாள். பழக்கத்தில் உடைந்த நகம் பின்மூடிக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு விரலை மடக்கிக்கொண்டு, அந்த மூடியை உள்ளங்கையால் இறுகப் பொத்திப் பிடித்தாள்.