ஊறவைக்காத சோயாமீற்

பெரிய வெள்ளியன்று எங்கள் தலைமன்னார் வீட்டில் மீனும் தொடமாட்டோம். ஒருசந்தி நோன்பை முடிக்க, இறைச்சிக்குப் பதிலாகக் காய்ந்த சோயாமீற் உருண்டைகளை எடுத்தேன்.

"மாமி, அதைச் சுடுதண்ணியில ஊறவிட்டுப் பிழியவேணும்" என்றாள் மருமகள்.

"கருவாடு காயவைச்ச கைக்கு நீ பாடம் சொல்லுறியோ?" என்று கேட்டுவிட்டு, கழுவி அப்படியே பொரித்தேன். மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது. வெறும் வயிற்றில் கோப்பை நிறையத் தின்று தண்ணீரும் குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் வயிறு ஊதி, நெஞ்சை அடைத்து, மூச்சு முட்டியது. மாரடைப்பு என்றே நினைத்தேன்.

"பங்குச் சுவாமியைக் கூப்பிடு பிள்ளை, சாக முந்தி அவஸ்தை எண்ணெய் பூசட்டும்" என்றேன். அவள் ஓட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைச் சோதித்த டொக்டர், "அம்மா, இதயம் நல்லாயிருக்கு. சோயா வயித்துக்குள்ள போய் ஊறியிருக்கு" என்றார்.

இப்போது சுடுநீரில் ஊறவிட்டு, மூன்று தரம் பிழிந்து, அளவாகத்தான் தின்கிறேன். பிழிவதை மட்டும் மருமகளிடம் விடுவதில்லை. அவளுக்குக் கைப்பலம் போதாது.