அட்டையில் சிவப்பு எங்கே?

என் வீட்டுக்காரருக்குக் காலில் சக்கரம். எங்கள் மருந்துக்கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வயதானவர்கள் குழம்பக் கூடாதென்று காலை, இரவு எனக் கட்டம் போட்டு, மாத்திரையின் படத்தையும் பெயரையும் அச்சடித்து ஆளுக்கோர் அட்டை கொடுப்பார். அதற்காகவே மற்ற கடைகளைத் தாண்டி எங்களிடம் வருவார்கள்.

கலர் பிரிண்டர் அடிக்கடி மக்கர் செய்தது. மை காய்ந்துவிடும், அவர் அதைத் தட்டித் தட்டியே பாதிப் பொழுதைக் கழிப்பார். பொறுமை போய், கறுப்பு வெள்ளை பிரிண்டர் ஒன்றை வாங்கி வந்துவிட்டார்.

"எல்லா மாத்திரையும் ஒரே மாதிரி சாம்பலா இருக்கே?" என்றேன்.

"பேரு கொட்டை எழுத்துல இருக்குல்ல? சும்மா நைநைன்னாத."

நாள் முழுக்க மருந்துப் பெயர்களோடு புழங்குகிற மனுஷன். ஊரே பெயரைப் பார்த்துத்தான் விழுங்குகிறது என்று நினைப்பு!

சில நாளில் எங்களிடம் வழக்கமாக மாத்திரை வாங்கும் தையல்காரம்மா வந்தார். "தம்பி, அந்தச் சிவப்ப நிறுத்திட்டீங்களா? அட்டைல காணோம், நானும் போடல. தல சுத்துது."

அது ரத்த அழுத்த மாத்திரை. இவர் முகம் வெளிறிவிட்டது. அந்த அம்மாவை டாக்டரிடம் அனுப்பிவிட்டு, என்னைக் கடையில் நிறுத்திவிட்டு, வண்டியில் வீடு வீடாகப் பறந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால் எந்த முகத்தோடு கடை திறப்பது? சொன்னால் கேட்டால்தானே, பாவி மனுஷன்! போன் அடித்தபோதெல்லாம் ஓடிப்போய் எடுத்தேன்.

மதியத்துக்குள் எல்லா அட்டையையும் திரும்ப வாங்கிவிட்டார். தையல்காரம்மாவுக்கும் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தப்பிச்சோம்டி," என்றபடி கடையைச் சாத்திவிட்டு என்னோடு வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கூடத்தில் என் அப்பா செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கும் அதே அட்டைதான். தினமும் பேப்பர் படிக்கிறவருக்கு என்ன குழப்பம் என்று நாங்கள் கேட்கவே இல்லை. இவர் சும்மா மாத்திரை டப்பாவைத் திறந்தார். வாயு மாத்திரை அதற்குள் காலி. இதய மாத்திரை அப்படியே இருந்தது.

"மாமா, இது நெஞ்சுக்குப் போடறது. பேரப் பாக்கலையா?"

"எழுத்தெல்லாம் புகையாத் தெரியுது மாப்ள. கலர வெச்சுத்தான் போட்டுட்டிருந்தேன்."

எனக்குப் பகீரென்றது. "அப்போ தெனமும் பேப்பர் படிக்கிறீங்களேப்பா?"

அப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணு போச்சுன்னு சொன்னா, என்னைத் தனியா வாசப்படி தாண்ட விடுவீங்களாம்மா?"