கோட்டருகே ஒரு நாற்காலி

தெருவில் மற்றவர்களுக்கெல்லாம் வருஷக் கணக்கு. இஸ்திரிக் கடைக்காரருக்கு மட்டும் போட்டிக் கணக்கு. நாலு வருஷத்துக்கு ஒருமுறை கோடையில் உலக நாடுகளெல்லாம் கூடி நடத்துமே அந்த விளையாட்டுப் போட்டி, அதை வைத்துத்தான் அவர் தன் வாழ்க்கையையே எண்ணி வைத்திருந்தார். கல்யாணம் எப்போது ஆனது என்று கேட்டால், "அந்த நீச்சல்காரன் ஜெயிச்சுட்டுத் தண்ணிக்குள்ளயே நின்னு அழுதானே, அதுக்கு அடுத்த மாசம்" என்பார். மகள் பிறந்தது, எடை தூக்கும் ஒரு பெண் பாரத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடியே நடுவரைப் பார்த்துக் கண்ணடித்த போட்டியின்போது. கேட்டவர் மண்டையைச் சொறிந்துகொண்டு போவார். அதைப் பற்றி இவருக்குக் கவலை கிடையாது.

கடை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு நீள மேஜை, அதன் மேல் மடித்து விரித்த பழைய போர்வை, பின்னால் துணி மூட்டைகள், மூலையில் சுவரோடு சுவராக ஒரு தொலைக்காட்சி. போட்டி நடக்கும் நாட்களில் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. ஓட்டமோ தாண்டலோ ஆரம்பித்தால் இஸ்திரிப் பெட்டி துணியை விட்டு எழுந்து தனியாக நிற்க வேண்டும். அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. ஒரு தடவை நூறு மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்று. பத்து விநாடி சமாச்சாரம்தானே என்று பெட்டியை ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டை மேலேயே விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டம் பத்து விநாடியில் முடிந்தது. சட்டை அதற்கு முன்பே முடிந்திருந்தது. வக்கீல் வந்து தன் சட்டையின் முதுகில் பெட்டி வடிவத்தில் இருந்த பழுப்புக் கறையைப் பார்த்தார். பிறகு யார் ஜெயித்தது என்று கேட்டார். நல்ல மனுஷன்.

அவருடைய மனைவி இரண்டு தெரு தள்ளியிருக்கும் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். இவரும் கேலியாகப் பேசும்போது அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் இவர் கடைக்குத் துணி போட்டவள். விளையாட்டு உடைக்குக்கூடக் கத்திபோல மடிப்பு வேண்டும் என்று கேட்ட ஒரே வாடிக்கை அவள்தான். வேர்வையில் நனையப் போகிற துணிக்கு மடிப்பு எதற்கு என்று இவர் கேட்டார். பிள்ளைகள் முன்னால் போய் நிற்கிறேனே, அதற்காகத்தான் என்றாள் அவள். அந்தப் பதிலிலேயே மனுஷன் விழுந்துவிட்டார். படித்த பெண்ணுக்கு இஸ்திரிக்காரனா என்று அவள் வீட்டில் குதித்தவர்கள் குதித்துக்கொண்டே இருக்க, இவர்கள் பாட்டுக்குக் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டி பார்ப்பது ஒரு வேடிக்கை. கல்யாண வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தால் இவள் மேஜை துடைக்கிறவனைப் பார்க்கிற ஜாதி. ஓடுகிறவர் மார்பால் நாடாவை அறுக்கும்போது இவர் துள்ளிக் குதிப்பார். அவளோ ஓரத்தில் கடிகாரத்தோடு நிற்பவரைக் காட்டி, பார்த்தீர்களா, கண் சிமிட்டவே இல்லை என்பாள். மணலைச் சமன் செய்கிறவர், அளவு நாடா பிடிக்கிறவர், கொடி தூக்குகிறவர் எல்லாரும் அவளுக்குச் சொந்தக்காரர்கள். ஒருநாள் இவர் அதற்காக அதிகமாகவே கேலி செய்துவிட்டார். அவள் கோபப்படவில்லை.

"அவங்க சரியா இல்லன்னா, ஜெயிச்சவங்க ஜெயிச்சதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று மட்டும் கேட்டாள்.

கேட்டதோடு நிற்கவில்லை. நடுவர் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்ற வீடுகளில் மதியத் தூக்கம். இவள் எங்கேயாவது ஒரு மைதானத்தில் மண்டை காய உட்கார்ந்திருப்பாள். நீளம் தாண்டுதலில் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டு. ஓடி வருகிறவர்கள் காலை ஊன்றி எழும்பும் பலகைக்குப் பக்கத்திலேயே அது இருக்கும். பலகையின் முன்விளிம்பு கோடு. கால் அதைத் தாண்டாமல் இருந்தால் வெள்ளைக் கொடி. தாண்டினால் சிவப்பு, எவ்வளவு தூரம் தாண்டியிருந்தாலும் அந்தத் தாண்டல் செல்லாது. கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் கண் ஒரு நொடி நகர்ந்தால் போச்சு. சாயங்காலம் கழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்புவாள். இவர் பெட்டிச் சூட்டில் துணியைக் காட்டி ஒத்தடம் கொடுப்பார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது அந்தப் பெரிய போட்டி சொந்த நாட்டுக்கே வந்தது. கோட்டருகே உட்கார நாடெங்கும் தேடி எடுத்தவர்களில் டீச்சரும் ஒருத்தி. இஸ்திரிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. துணி கொடுக்கப் போன வீட்டிலெல்லாம் தண்டோரா போட்டார். துணிக்குத்தான் கூலி, செய்தி இலவசம். அவளுக்குக் கொடுத்திருந்த நீலச் சீருடையை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தேய்த்தார். கைப்பகுதியில் அவர் போட்ட மடிப்பு தோளில் ஆரம்பித்து மணிக்கட்டில்தான் முடிந்தது.

டிவியில் தன் முகமெல்லாம் வராது, கை வந்தாலே அதிகம் என்று டீச்சர் ஊருக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டாள். கை வந்தால் போதும் என்றார் இவர்.

வந்தது. தகுதிச் சுற்றிலேயே வந்தது. திரையின் ஓரத்தில் ஒரு நீலக் கை, அதில் ஒரு மடிப்பு, அதன் முனையில் வெள்ளைக் கொடி. "அதுதான், அதுதான்" என்று இவர் போட்ட சத்தத்தில் எதிர்ச்சாரியிலிருந்த கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். அன்றைக்கு இவருக்கு வாயெல்லாம் பல். உலகத்தின் மிக வேகமான கால்களெல்லாம் தன் மனைவியின் அனுமதியோடுதான் பறக்கின்றன என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கொஞ்சம் மிகைதான். ஆனால் பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

இறுதிச் சுற்று ஒரு சாயங்காலம். கடைக்குள் எள் போட்டால் விழாத கூட்டம். கறிக்கடைக்காரர் கடையைப் பாதி மூடிவிட்டு வந்து முன் பெஞ்சில் இடம் பிடித்திருந்தார். காரணம் டீச்சர் மட்டுமில்லை. நம் நாட்டுப் பெண் ஒருத்தி இறுதிச் சுற்றில் இருந்தாள். நாலாவது இடத்தில் நின்றாள். அவள் கடைசியாக ஒருமுறை தாண்ட வேண்டியிருந்தது. நன்றாகத் தாண்டினால் நாட்டுக்கு ஒரு பதக்கம்.

அந்தப் பெண் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு ஓடி வந்தாள். இஸ்திரிப் பெட்டி ஓரமாக நின்றது. பலகையில் கால் பட்டது, உடம்பு எழும்பியது, எழும்பியது, இறங்கவே மனசில்லாததுபோல் போய் மணலில் விழுந்தது. முந்தைய அடையாளங்களையெல்லாம் தாண்டி விழுந்தது. கடையே எழுந்து நின்றது. பெஞ்ச் சாய்ந்தது. கறிக்கடைக்காரர் இவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டார். அந்த உயரத்திலிருந்துதான் இஸ்திரிக்காரர் பார்த்தார்: திரையின் ஓரத்தில் நீலக் கை மேலே போயிருந்தது. கொடி சிவப்பு.

கறிக்கடைக்காரர் அவரை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். திரையில் அந்தப் பெண் மணலில் மண்டியிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பயிற்சியாளர் கைகளை விரித்து யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். கடையில் இருந்த அத்தனை பேரும் இஸ்திரிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்தானே அந்தக் கை யாருடையது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தவர்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தப்பாகத் தூக்கியிருப்பாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் அவருக்கே தன் மேல் கோபம் வந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமை கழுத்து வலியைப் பார்த்தவன் நானே இப்படி நினைத்தால் மற்றவன் என்ன நினைப்பான்? பின்னால் ஒருவர், நம் ஊர்ப் பெண்ணே நம் நாட்டுப் பெண்ணைக் கவிழ்த்துவிட்டாள் என்று முணுமுணுத்தார். இவர் காதில் விழாததுபோல் நின்றார்.

கடைசியில் அந்தத் தாண்டலைத் திரையில் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். ஷூவின் நுனி பெரிதாகத் தெரிந்தது. கோடு தெரிந்தது. நுனி கோட்டைத் தாண்டியிருந்தது. அதிகமில்லை, ஒரு நகத்தின் அளவு. ஆனால் தாண்டியிருந்தது.

இஸ்திரிக்காரருக்கு மூச்சு வந்தது. மூச்சோடு பெருமையும் வந்தது. இத்தனை பெரிதாக்கிக் காட்டினால்தான் நமக்குத் தெரிகிறது, அவள் வெறுங்கண்ணால், அதுவும் ஒரு நொடியில் பார்த்திருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கறிக்கடைக்காரர் பேசிவிட்டார்.

"நகம் அளவுதானேண்ணே. கண்டுக்காம விட்டிருக்கலாமே. நம்ம பொண்ணாச்சே."

கூட்டம் தலையாட்டியது. இதற்கு என்ன பதில் சொல்வது? இந்தத் தெருவில்தான் அவள் நாளைக்கு நடந்துவர வேண்டும். இவர் யோசித்தார்; யோசித்த வேகத்தில் ஒரு வழியும் கிடைத்தது.

"அவளுக்கு அது யாரு காலுன்னே தெரியாதுப்பா," என்றார். "ஆளையே பார்க்க மாட்டா. கோட்டை மட்டும்தான் பார்ப்பா. தெரிஞ்சிருந்தா தூக்கியிருப்பாளா?"

அது வேலை செய்தது. பாவம், தெரியாமல் நடந்துவிட்டது, அவளை என்ன சொல்வது என்று ஆளாளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். கறிக்கடைக்காரர் அவர் தோளைக்கூடத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். பெரிய தொல்லையிலிருந்து தப்பித்த திருப்தியோடு இவர் பெஞ்சை நிமிர்த்திப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் டீச்சரே போன் செய்தாள். இவர் முந்திக்கொண்டு தெருவில் நடந்ததையெல்லாம் சொன்னார். தான் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசி அத்தனை பேர் வாயையும் அடைத்தார் என்பதையும் சொன்னார். பாராட்டு வரும் என்று காத்திருந்தார்.

"எனக்குத் தெரியுங்க," என்றாள் டீச்சர். "அவ ஓட ஆரம்பிக்கும்போதே தெரியும். கோட்டுக்குள்ள விழணும், கோட்டுக்குள்ள விழணும்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேதான் குனிஞ்சு பார்த்தேன். விழல. தெரிஞ்சுதான் தூக்கினேன்."

அந்தப் பெண் போகும்போது இவள் நாற்காலிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாளாம். இவள் பார்வையைத் தாழ்த்தவில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் டீச்சர் அழுதாள். இவர் சாப்பிட்டியா என்று கேட்டார். அது போதுமானதாக இருந்தது போலிருக்கிறது, அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இனிமேல்தான் என்றாள்.

போனை வைத்த பிறகு இஸ்திரிக்காரருக்கு வேலை ஓடவில்லை. இத்தனை வருஷமாக எத்தனையோ போட்டி பார்த்திருக்கிறார். தண்ணீருக்குள் அழுதவனையும் பாரத்தோடு கண்ணடித்தவளையும் பிடித்த கணங்கள் என்று பத்திரமாக வைத்திருக்கிறார். அவையெல்லாம் ஜெயித்தவர்களின் கணங்கள். இது அப்படியில்லை. மனசு ஒரு பக்கம் இழுக்கும்போது கை சரியான பக்கம் போயிருக்கிறது. அந்தக் கைக்காரி தன் வீட்டுக்காரி. நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு விம்மியது. கூடவே ஒரு உறுத்தல். அவள் செய்ததில் எது பெரிதோ, அதைத்தான் இவர் ஊர் முன்னால் இல்லையென்று சொல்லிவிட்டார். தெரியாமல் தூக்கினாள் என்றால் அது வெறும் கண்ணின் வேலை. யாருக்கு வேண்டும் அது?

மறுநாள் காலையில் தன் கடையைத் திறப்பதற்கு முன் நேராகக் கறிக்கடைக்குப் போனார். அங்கே நாலைந்து பேர் பையோடு நின்றார்கள். அது நல்லதுதான் என்று நினைத்தார்.

"நேத்து நான் சொன்னது பொய்ப்பா," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "அது யாரு காலுன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் தூக்கினா."

கறிக்கடைக்காரர் ஓங்கிய கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு இவரை மேலும் கீழும் பார்த்தார். நின்றவர்களில் ஒருவர் முகம் சுளித்தார். இவர் அசையவில்லை.

"ஊரே மறந்துட்டுதேண்ணே. இதை எதுக்கு இப்போ வந்து சொல்றீங்க? அப்படியே விட்டிருக்கலாமே," என்றார் கறிக்கடைக்காரர்.

"விட்டிருக்கலாம்தான்," என்றார் இஸ்திரிக்காரர். "அவ விடலையே."