தங்கச்சியின் கிராமபோனுக்குத் தராசு சொன்ன விலை

எங்கள் தெருவில் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையோடு சரி. நாங்கள் கூப்பிடுவது தராசு. பழைய சாமான் எதுவானாலும் அவர் சொல்வதுதான் விலை. விற்பவன் முனகமாட்டான், வாங்குபவன் பேரம் இழுக்கமாட்டான். இதற்கென்று அவர் ஒரு காசு வாங்கியதில்லை. தன் கல்யாணத்துக்கு வந்த பரிசுகளுக்கெல்லாம் மேடையிலேயே விலை சொன்ன மனுஷன் என்று அவர் மாமியார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பாவம், அந்த மாமியாரின் ஒற்றை அறை வீட்டில்தான் குடித்தனம். சோற்றோடு குத்தல் பேச்சும் பரிமாறுவார்கள்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் தங்கை ஒரு கிராமபோனோடு வந்து இறங்கினாள். சாவி கொடுத்துப் பாடவைக்கிற பழைய பெட்டி, பித்தளைப் புனலோடு. செத்துப்போன புருஷன் விட்டுப்போனது அது ஒன்றுதான். காலையில்தான் வீட்டுக்காரன் அவள் சாமான்களை வாசலில் எடுத்து வைத்திருந்தான். இரண்டு பெண் பிள்ளைகளோடு ஒண்ட ஒரு அறை பார்த்திருந்தாள். ஆறு மணிக்குள் பதினைந்தாயிரம் முன்பணம் கொடுக்காவிட்டால் அது வேறு ஆளுக்கு.

வாங்க வந்தவர் லாட்ஜ்காரர். வரவேற்பு மேஜையில் அழகுக்கு வைக்கப்போகிறாராம். "தராசு அண்ணன் என்ன சொல்றாரோ, அதைக் குடுத்துடறேன்" என்றார்.

என்னுடையது பக்கத்துப் பூட்டுக்கடை. கையிலிருந்த பூட்டை அப்படியே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன்.

தராசு சாவியைச் சுற்றினார். உள்ளே சுருள்வில் எங்கேயும் வழுக்கவில்லை. இசைத்தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அது சுற்றி வருவதை எண்ணினார். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்று. இம்மியும் பிசகவில்லை. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

பிறகுதான் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் லாட்ஜ்காரரை. உடனே பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறை தேட ஆரம்பித்துவிட்டார். புனலில் நெளிசல். மூடியில் கீறல். கைப்பிடிக் கட்டை பின்னால் மாற்றினது.

"பத்தாயிரம்" என்றார்.

லாட்ஜ்காரர் அடுத்த நொடியே பணத்தை எடுத்தார். எண்ணிக் கொடுத்தார், பெட்டியைத் தூக்கினார், போயே போய்விட்டார்.

தங்கை நோட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"அண்ணா, வேத்தாள் கொண்டுவந்திருந்தா என்ன சொல்லியிருப்ப?"

அவருக்குப் பொய் வராது. அதுதான் வியாதி.

"பதினெட்டு."

"அப்ப நான் வேத்தாளா வந்திருக்கணும்."

"கூடப்பொறந்தவளுக்குக் கூட்டிச் சொன்னான்னு யாரும் பேசிடக்கூடாதுன்னு..."

"யாருண்ணா பேசுவா? இந்தப் பூட்டுக்காரரா?"

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நான் பேசியிருப்பேன்தான்.

தராசு மேஜை டிராயரைக் கவிழ்த்துக் கொட்டினார். சில்லறையோடு எழுநூறு தேறியது. என் கல்லாவில் முந்நூறு. இன்னும் நாலாயிரம் வேண்டும். சட்டைப் பொத்தானைக் கூடப் போடாமல் லாட்ஜுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

கிராமபோன் அதற்குள் மேஜையில் ஏறியிருந்தது.

"தம்பி, நான் தப்பா மதிச்சுட்டேன். இன்னொரு நாலாயிரம் குடு. அப்பவும் உனக்கு லாபம்தான்."

"அண்ணே, நீங்க சொன்ன விலைக்கு நான் வாயத் தொறந்தேனா?"

"இல்ல."

"நீங்க முப்பது சொல்லியிருந்தாலும் குடுத்திருப்பேன். நாளைக்கு நான் ஏதாச்சும் விக்க வந்தா, எந்த விலைய நம்புறது? முதல்ல சொன்னதா, ஓடி வந்து சொன்னதா?"

"கடனாவாவது குடு."

"அந்தப் பேச்சு வேணாம்ணே. தண்ணி குடிங்க."

தண்ணீர் குடிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஆறு அடித்தது. அது இரண்டு நிமிஷம் முந்திப் போகிறது என்று அவர் வாய் தானாக முணுமுணுத்தது.

திரும்பி வந்தவர் தன் கடைக்குப் போகவில்லை. என் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ போயிட்டாளான்னு பாரு."

எட்டிப் பார்த்தேன். அவருடைய முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில், பையைக் கழற்றாமல் நின்றன.

"எங்க போவா?" என்றேன்.