ழகரத்தின் வால்

கேக் பெட்டி கைக்கு வந்ததும் ராக்கெட் அண்ணன் முதலில் பார்ப்பது விலாசத்தை அல்ல. மூடியில் கண்ணாடித்தாள் ஒட்டிய சதுரத்தின் வழியே குனிந்து, கேக்கின் மேல் எழுதியிருக்கும் ‘வாழ்த்துகள்’ என்ற சொல்லைப் பார்க்கிறார். அதிலும் ழகரத்தை மட்டும். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். “ம்ஹூம். இன்னைக்கும் அவங்க எழுதல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டியைப் பைக்குள் அலுங்காமல் இறக்குகிறார்.

‘அவங்க’ என்றால் கேக் கடைக்காரம்மா. அந்த அம்மாள் போடும் ழகரத்தின் வால் கீழே இறங்கி, சொல் முழுவதற்கும் அடிக்கோடாக ஓடி, கடைசி எழுத்தைச் சுற்றிக்கொண்டுதான் நிற்கும். இப்போது எழுதுவது அவருடைய தங்கை. எழுத்து சுத்தமாகத்தான் இருக்கிறது, வால்தான் இல்லை. அக்காவின் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. உடைத்தவர் நம் அண்ணன்.

சைக்கிளில் வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். கூட வேலை செய்பவர்கள் மோட்டார் வண்டிக்கு மாறிவிட்டார்கள். “என் வண்டி பெட்ரோல் கேக்காது, நாலு வாய் சாப்பாடுதான் கேக்கும்” என்பார். கால்சட்டையின் வலது முனையில் துணி கிளிப். சிவப்பு விளக்கில் நின்றால் அதனோடு பேரம்: “பச்சையாகித் தொலையேன்ப்பா, உனக்கும் எனக்கும் என்ன முன்பகை?” பறந்த காலத்தில் கிடைத்த பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அவர் போகிற வேகத்துக்கு எறும்புகூட முந்திவிடும். ஆளில்லாத சந்தில்கூட மணியடித்தே திரும்புகிறார். கேக் கடை வாசலில் மட்டும் மணிக்கு வேலையில்லை. அங்கே இறங்கி, தலையைத் தொங்கப்போட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்.

இன்சூரன்ஸ் கதையைக் கேட்டால் சிரித்துக்கொண்டுதான் தொடங்குவார். “எங்க டெலிவரிக்காரங்க சங்கத்துல எல்லாரும் போடச் சொன்னாங்க. எனக்கு அடிபட்டா எவ்வளவு வரும்னு கேட்டேன். உங்களுக்கு ஒண்ணும் வராது, நீங்க யாரையாவது இடிச்சா அவங்களுக்குப் போகும்னாங்க. அட, நான் யாரை இடிக்கப்போறேன்? தொணதொணப்பு தாங்காமத்தான் போட்டேன்.” சிரிப்பு அதோடு நின்றுவிடும். கைப்பிடியில் மாட்டிய போனைப் பார்த்தபடி வந்தார், மணி அடிக்கவில்லை, அந்த அம்மாள் வாசலிலிருந்து தெருவில் கால் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது.

மருத்துவமனைச் செலவு, வேலை செய்ய முடியாத நாட்களுக்கான ஈடு எல்லாவற்றையும் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்கிறது. ஆனால் போனில் பேசிய பெண் ஒரு கட்டுப்பாடு வைத்தார். “க்ளெய்ம் முடியற வரைக்கும் நீங்க அவங்ககிட்ட பேசவே கூடாது சார். முக்கியமா மன்னிப்பு கேட்டுடாதீங்க. எங்களைக் கேக்காம தப்பை ஒத்துக்கிட்டீங்கன்னா, அவங்களுக்குப் போற பணம் சிக்கிக்கும்.”

அன்றிலிருந்து அந்த ஒரு சொல் அவர் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. “தப்பு பண்ணா மன்னிப்பு கேக்கணும்னு பிள்ளைங்களை அடிச்சு வளர்த்தோம். இப்ப கேட்டா தப்பாம்!” என்று மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். கடையிலிருந்து வரும் ஆர்டரை வேறு யாருக்காவது தள்ளிவிடலாம். அவர் தள்ளுவதில்லை. கடையின் பக்கவாட்டு ஜன்னலில் தங்கை பெட்டியை நீட்டும்போது, உள்ளே நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் அக்காவின் முதுகு தெரிகிறது. கை எப்படியிருக்கிறது என்று கேட்க மனம் கிடந்து தவிக்கிறது. அதனால்தான் மூடி வழியாகக் குனிந்து, கேக்கிடம் கேட்டுக்கொள்கிறார்.

ஒரு நாள் அப்படிக் குனிந்தவர் நிமிரவில்லை.

“என்னண்ணா, எழுத்துப் பிழையா?” என்றாள் தங்கை.

“இல்லம்மா… சரியாத்தான் இருக்கு.”

ழகரத்துக்கு வால் முளைத்திருந்தது. பாதி தூரம் நடுங்கியபடி வந்து, ஓரிடத்தில் கொழகொழவென்று தேங்கி நின்று, பிறகு மெல்ல நகர்ந்து, கடைசி எழுத்தை எப்படியோ சுற்றிப் பிடித்திருந்தது.

க்ளெய்ம் இன்னும் முடியவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள், வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கியபடி அடுத்த கேக்கின் மேல் குனிந்திருந்தார். ‘மன்னிச்சிடுங்கம்மா’ நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். பேசக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? கட்டைவிரல் கைப்பிடியைத் தடவியது. அன்றைக்கு அந்த வாசலில் அடிக்காமல் விட்ட மணியை ஒரே ஒரு முறை, மெதுவாக அடித்தார்.

உள்ளே தலை நிமிர்ந்தது. அந்த அம்மாள் கண்ணாடி வழியே அவரைப் பார்த்தார். பிறகு, கேக்கில் எழுதும் கிரீம் கோனைப் பிடித்திருந்த வலது கை, பிடித்தது பிடித்தபடியே, கொஞ்சம் மேலே எழுந்தது.