எண்ணெயில் இரும்பு ஏது

மத்தியின் முதுகிலிருந்து ஒரு செதிலைக் கத்தி நுனியால் நெம்பி எடுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார் காயாரோகணம். தராசில் அரைக்கிலோ மீன் காத்திருக்கிறது. வாங்க வந்தவரும் காத்திருக்கிறார். அவசரப்படுத்திப் பயனில்லை. ஒரு கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கி, "ம்ஹூம், வளையம் சரியா விழல" என்று செதிலை உதறிவிட்டுத்தான் அடுத்த வேலை.

குளிர்க் கடலில் மீன் கோடையில் வேகமாக வளரும், பனிக்காலத்தில் தயங்கும். அந்த வேகமும் தயக்கமும் செதிலில் வளையம் வளையமாகப் பதிந்துவிடும்; எண்ணினால் வயது. நம் கடலுக்கு அப்படியொரு பனிக்காலம் கிடையாது. அதனால் நாகப்பட்டினத்து மத்தி தன் வயதை அவ்வளவு எளிதில் சொல்வதில்லை. இது அவருக்குத் தெரியும். இருந்தாலும் தினமும் ஒரு செதிலையாவது பார்க்காமல் விடமாட்டார்.

சிங்கப்பூரில் ஒரு குளிர்கிடங்கில் பதினோரு ஆண்டுகள் சால்மன் அறுத்த கை அது. வடகோடிக் கடலிலிருந்து விமானத்தில், பனிக்கட்டிக்குள் படுத்துக்கொண்டு வரும் மீன். ஒரு வெட்டில் தலை, இரண்டாவது வெட்டில் முதுகெலும்பை ஒட்டி நீளமாக ஒரு பக்கம். குளிரில் இடது கையின் இரண்டு விரல் நுனிகள் மரத்துப்போயின. இன்றுவரை உணர்ச்சி திரும்பவில்லை. அத்தனை ஆயிரம் மீன்களில் ஒரு துண்டுகூட அறுத்தவர்கள் தட்டுக்கு வந்ததில்லை. கழித்துப்போட்ட தலைகளை வாங்கி வந்து புளி கரைத்துக் குழம்பு வைத்தவர் அறைத்தோழர் மீரா உசேன். உழைத்தவனுக்குத் தலையும் முள்ளும்தான் என்று எழுதி வைத்தது யார் என்று நமக்குக் கோபம் வருகிறது. காயாரோகணத்துக்கு வரவில்லை. "அந்தத் தலையில இருந்த நெய்ய நீங்க பாக்கலியே" என்கிறார். "மக நர்சிங் படிச்சது அந்த மீனால. வீட்டுக்கு ஓட்ட மாத்தித் தளம் போட்டது அந்த மீனால. அத ஒரு வார்த்த கொறச்சுச் சொல்ல மாட்டேன்."

சொல்லவும் மாட்டார். குடவாசல் கடைத்தெருவில் மீன் வாங்க வருகிறவர்களுக்கு, சால்மன் ஆற்றில் பிறந்து கடலுக்குப் போவதையும், பிறந்த தண்ணீரின் வாசனையை நினைவில் வைத்துத் திரும்பி வருவதையும் சலிக்காமல் சொல்வார். நீங்களும் அப்படித்தானே ஊர் திரும்பினீர்கள் என்று யாரோ ஒருமுறை உருகினார். "அது முட்டையிட வருதுங்க. நான் விசா முடிஞ்சு வந்தேன்" என்றார். பிறகு, தான் அறுத்தவை எல்லாம் கடலில் வலைக்கூண்டுக்குள் கொழுத்தவை, அவற்றுக்கு ஆறு எப்படி இருக்கும் என்றே தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டார். சதையின் அந்தச் செம்மஞ்சள் நிறம்கூடத் தீனியில் கலந்து கொடுத்ததுதான். காட்டு மீனுக்கு அது இறால் தின்று வருகிறது.

அவருடைய வண்டி ஐந்து ஆண்டுகளாக நின்றது, பூட்டிக் கிடக்கும் ஓர் உரக்கடையின் வாசலில். இடம் ராஜ்குமார் என்ற ஊர்க்காரரின் அப்பாவுடையது. வாடகை கேட்டதில்லை. அந்த நன்றியும் இவருக்கு உண்டு.

அந்த ராஜ்குமார்தான் போன ஆவணியில், குளிர்க்கடல் மீனெண்ணெய் மாத்திரை விற்க ஆரம்பித்தார். வீடு வீடாக ஏறி இறங்கினார். நம் கடல் சாக்கடை, நம் மீன் விஷம், இந்தக் குப்பி ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்பது அவர் பேச்சு. தெற்குத் தெருவில் வள்ளியம்மை தன் மருமகளுக்கு இரண்டு குப்பி வாங்கினார். மருமகள் பிரதீபாவுக்கு ஆறாம் மாதம். உடம்பில் ரத்தம் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்பு மாத்திரை குமட்டுகிறது என்று அவள் சொல்ல, அதை நிறுத்திவிடலாம் என்று ராஜ்குமார் சொன்னார். நிறுத்திவிட்டார்கள். கறிவேப்பிலை வாங்கக் கடைத்தெருவுக்கு வந்த பிரதீபா, மீன் வண்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கீழிமை வெளுத்திருந்ததைப் பார்த்துக் கேட்டபோதுதான் காயாரோகணத்துக்கு விஷயம் தெரிந்தது. மத்தி எடுத்துப்போகச் சொன்னார். அத்தை விடமாட்டார், பிள்ளைக்குக் கரப்பான் சொறி வரும் என்பார் என்று அவள் தலையசைத்தாள்.

அந்த வாரமே ராஜ்குமார் வந்து, கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்திருப்பதாகவும், சால்மனைக் கையால் தொட்டவர் என்ற முறையில் அண்ணன் மேடையில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றும் கேட்டார். சரி என்றார் காயாரோகணம்.

கூட்டத்தில் ராஜ்குமாரின் வித்தை ஒன்று உண்டு. ஐஸ் தட்டில் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். ஒன்றில் தேங்காய் எண்ணெய், மற்றதில் மாத்திரையைக் கிள்ளிப் பிழிந்த எண்ணெய். கொஞ்ச நேரத்தில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்தது, மற்றது உறையவில்லை. உங்கள் ரத்தக் குழாயில் எது ஓட வேண்டும் என்று அவர் கேட்க, கூட்டம் முணுமுணுத்தது. பிரதீபாவோடு வள்ளியம்மை இரண்டாவது வரிசையில் இருந்தார்.

காயாரோகணம் மேடையேறித் தன் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். காலையில் மத்தித் தலைகளை வேகவைத்து மேலே மிதந்ததை வழித்து வைத்திருந்தார். மூன்றாவது கிண்ணத்தில் ஊற்றித் தட்டில் வைத்தார். மண்டபம் காத்திருந்தது. எண்ணெய் லேசாகக் கலங்கியது. கிண்ணத்தைச் சாய்த்தார், ஓடியது.

"தம்பி காட்டுனது பொய்யில்ல" என்று ஆரம்பித்தார். "குளுந்த தண்ணில இருக்குற மீனுக்குக் கொழுப்பு ஒறஞ்சா நீந்த முடியாது. அதான் ஒறையாத கொழுப்பு. ஆனா அத மீனு செய்யறதில்ல. கடல்ல கண்ணுக்குத் தெரியாத பாசி செய்யுது. அதத் தின்ன மீனுக்கெல்லாம் உண்டு. நம்ம மத்தியும் அதத்தான் திங்கிது." சாக்கடை என்ற சொல்லுக்கும் பதில் சொன்னார்: மத்தி சின்ன மீன், சில ஆண்டுகளே வாழும், பெரிய மீன்களைப்போல விஷம் சேர்த்துவைக்க அதற்கு நேரமில்லை. முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்து. கரப்பான் என்கிறவர்கள் கடற்கரைக்கு வந்து பார்க்கட்டும், அங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாம் சொறிந்துகொண்டா இருக்கிறார்கள்?

சிரிப்பு எழுந்தது. ராஜ்குமார் எழுந்து, போதும் அண்ணே, இறங்குங்க என்றார். அந்த இடத்தில் இறங்கியிருந்தால் வண்டிக்கு வாசல் மிஞ்சியிருக்கும்.

அவர் இறங்கவில்லை. இரண்டாவது வரிசையைப் பார்த்தார்.

"சால்மன் எண்ணெயோ மத்தி எண்ணெயோ, எண்ணெயில இரும்பு ஏதுங்க? ஒரு சொட்டு கெடையாது. மீனத் தின்னா கொஞ்சம் வரும். அதுவும் அந்தப் பொண்ணுக்குப் பத்தாது. ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திப்புட்டு இத முழுங்கிக்கிட்டு இருந்தா, பெத்தெடுக்குற அன்னிக்கு ரத்தத்துக்கு எங்க ஓடுவீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. வள்ளியம்மை மருமகளின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் உரக்கடை வாசலில் ஒரு லோடு செங்கல் இறங்கியிருந்தது. காயாரோகணம், அஞ்சு வருஷம் நிழல் கொடுத்த இடம் என்று மட்டும் சொல்லிவிட்டு, வண்டியை ஊருக்கு வெளியே வாய்க்கால் பாலத்து ஓரத்துக்குத் தள்ளிப் போனார். அங்கே மரமில்லை. நடந்து வர ஆளுமில்லை. இரண்டு நாள் முக்கால் பெட்டி மீன் மிஞ்சியது. ஐஸ் கரையக் கரைய அவர் மீனைப் புரட்டிப் புரட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பத்து மணி வெயிலில் வள்ளியம்மை பாலத்தில் வந்தார், கையில் ஓர் எவர்சில்வர் தூக்கு. சுகாதார நிலையத்தில் பார்த்ததில் ரத்தம் இன்னும் இறங்கியிருந்ததாம். நர்சம்மா திட்டித் தீர்த்துவிட்டாராம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டால் குமட்டல் குறைகிறதாம். எல்லாவற்றையும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு கிலோ போடுங்க. நல்லாத் தேச்சுக் கழுவிக் குடுங்க."

காயாரோகணம் கிள்ளித் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார். வண்டியின் மேலே கட்டியிருந்த நீலப் படுதாவின் ஒரு முனை அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வெயில் நேராக மீன் பெட்டியில் விழுந்தது. வள்ளியம்மை தூக்கைக் கீழே வைத்தார். எட்டி அந்த முனையைப் பிடித்து இழுத்து, பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் இரண்டு சுற்று சுற்றி, பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினார்.